ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புங்கள்: டாக்சி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாக்சி ஓட்டும் அண்ணன்களுக்கு, தம்பிகளுக்கு, ஸ்டீயரிங் பிடிக்க வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு,

வணக்கம்.

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இருபது வருடத்துக்கும் மேலாக வேலை, மருத்துவமனை, விமான நிலையம், கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் உங்கள் வண்டியின் பின்சீட்டில்தான் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். எத்தனை பயணம் என்று கணக்கு வைத்ததில்லை. பெரும்பாலானவை மறந்தே போய்விட்டன. அது நல்ல விஷயம்தான். ஏறினோம், இறங்கினோம் என்று நல்லபடியாக முடிந்தவை அவை. மறக்காமல் நிற்பவை ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். அவற்றில் சிலதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. சிலதை நினைத்தால் கண் நிறைந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு நீண்ட பயணத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கெட்ட அனுபவம் என்று நான் சேர்த்து வைத்திருப்பதில் பாதிக்கு மேல் ஓட்டுநர் கெட்டவரே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நல்ல அனுபவங்களிலும் பலவற்றில் ஓட்டுநர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இருட்டு ரோட்டைச் சொல்லிவிடுகிறேன்.

இரவு பத்தரை மணி இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எப்போதும் போகும் வழி, நேரான பெரிய சாலை. பாதி தூரத்தில் வண்டி சட்டென்று இடதுபக்கம் திரும்பி விளக்கே இல்லாத ஒரு ரோட்டுக்குள் நுழைந்தது. என் போனில் இருந்த வரைபடம் நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. "அண்ணா, நேராத்தானே போகணும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் காதில் இயர்போன் இருந்தது. மறுபடி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் செய்ததை எல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பின்சீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பதால் சொல்கிறேன். தங்கைக்கு என் இருப்பிடத்தைப் பகிர்ந்தேன். வண்டி எண்ணை அனுப்பினேன். அவளை அழைத்து, அவருக்குக் கேட்கிற மாதிரி, "ஆமா, நம்பர் அனுப்பிட்டேன், இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்று பேசினேன். கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன். ஒரு வளைவில் வண்டி மெதுவானபோது, கதவின் கைப்பிடியைச் சத்தமில்லாமல் இழுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. குழந்தைகள் ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பின்கதவின் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்குமே, அந்தச் சைல்ட் லாக் போட்டிருந்தது. முந்தின சவாரியில் குழந்தைகள் இருந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. திறக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

பதினொரு நிமிடம். போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததால் சரியாகத் தெரியும். வண்டி மறுபடி பெரிய சாலையில் ஏறியபோது உள்ளங்கையில் சாவி பதிந்து கன்றிப்போயிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டேன், ஏன் அந்த வழியாக வந்தீர்கள் என்று. அவர் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அங்க லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு மேடம். அந்தப் பக்கம் போயிருந்தா ஒரு மணி நேரம் நின்னுருப்போம். உங்களுக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

உண்மைதான். அவர் நல்லதுதான் செய்தார். நான் தங்கையிடம் பேசியதன் அர்த்தம் அவருக்கும் புரிந்திருந்தது. அவர் முகத்தில் அவமானம் தெரிந்தது. நான் நடுங்கிக்கொண்டு நின்றேன், அவர் புண்பட்டு நின்றார். "லாரி கவுந்திருக்கு" என்று திரும்புவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் இரண்டுமே இல்லை. "நல்லவேளை அண்ணா" என்று சொல்லி நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்திருப்பேன்.

பெண்கள் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள் என்று உங்களில் சிலர் வருத்தப்படுவது எனக்குத் தெரியும். நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கதவு உங்கள் கட்டுப்பாட்டில், வேகம் உங்கள் கட்டுப்பாட்டில், போகும் திசை உங்கள் கட்டுப்பாட்டில். எங்களிடம் இருப்பது உங்கள் பேச்சு ஒன்றுதான். வழி மாறும் முன் ஒரு வார்த்தை. பெரியவர்கள் ஏறும்போது அந்தச் சைல்ட் லாக்கை எடுத்துவிடுங்கள். கதவு உள்ளிருந்து திறக்காத வண்டியாக இருந்தால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இந்த இருட்டு ரோட்டுக் கதையை அவளிடம் சொன்னபோது, "எனக்கு எந்த ரோடும் அப்படித்தானே இருக்கு" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அவள் வெள்ளைக் கோலுடன் நிற்பதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போன வண்டிகள் உண்டு. பதிவு செய்த பிறகு தூரத்திலிருந்து பார்த்து ரத்து செய்தவர்களும் உண்டு. அவளால் அதைப் பார்க்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். வண்டி அருகில் வந்து, மெதுவாகி, மறுபடி வேகம் எடுக்கும் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்கும். வழிகாட்டி நாயுடன் வருபவர்களுக்கு இது இன்னும் அதிகம். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், உதவி நாயுடன் வரும் பயணியை டாக்சியில் ஏற்ற மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் கட்டணமும் கேட்கக் கூடாது என்கிறது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு இது நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆனால் அவளிடம் அவளது மிக நல்ல டாக்சிப் பயணம் எது என்று கேளுங்கள். உடனே சொல்வாள். வயதான ஒரு ஓட்டுநர். வண்டியை நிறுத்தியதும் இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்து இழுக்காமல், "அம்மா, கதவு உங்க வலது கைப்பக்கம் திறந்திருக்கு, மேல கூரை கொஞ்சம் தாழ்வா இருக்கும்" என்றாராம். அப்புறம் வழி முழுக்கத் தனக்குத் தானே பேசிக்கொள்பவர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்: "பாலத்து மேல ஏறுறோம்... சிக்னல், சிவப்பு விழுந்திருச்சு, ஒரு நிமிஷம் நிக்கும்... இப்ப வலது பக்கம் திரும்புறேன்." இறங்கும்போது மீட்டர் காட்டிய தொகையை வாய்விட்டுப் படித்தார். மீதியை எண்ணிக் கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டும் என்ன என்று சொல்லிக் கையில் வைத்தார். வண்டியில் போகும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் என்பாள். அந்தப் பெரியவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியாது என்று அவர் ஒரு கணம் யோசித்திருக்கிறார்.

உங்கள் தொழிலைச் சாதாரணமாக நினைத்து இதையெல்லாம் சொல்லவில்லை. லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வாங்க வேண்டும் என்றால் 'நாலெட்ஜ்' என்ற தேர்வு உண்டு. 1865இல் தொடங்கியது. சாரிங் கிராஸ் என்ற இடத்திலிருந்து எந்தப் பக்கமும் ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். படித்து முடிக்க மூன்று நான்கு வருடம் ஆகும். 2000ஆம் ஆண்டில் எலினோர் மகுவையர் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வழியை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. எத்தனை வருடம் ஓட்டினார்களோ அந்த அளவுக்கு வித்தியாசமும் கூடியிருந்தது. சில வருடம் கழித்து அதே ஊரின் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அதே ரோடு, அதே நெரிசல், ஆனால் தினமும் குறித்த ஒரே தடம். டாக்சிக்காரர்களுக்குத்தான் அந்தப் பகுதி பெரிதாக இருந்தது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் புதுசாக ஒரு வழியை மனதில் போடும் வேலை மூளையையே மாற்றுகிறது. அவ்வளவு பெரிய வேலை உங்கள் தலைக்குள் நடக்கிறது. அது உள்ளேயே இருந்துவிட்டால் பின்னால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் போடும் குறுக்கு வழியைச் சுற்று வழி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது பலரும் போன் காட்டும் வழியில்தான் ஓட்டுகிறீர்கள். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும்.

மழை நாள். நான் ஒரு மேம்பாலத்தின் கீழே நின்றுகொண்டு வண்டி கூப்பிட்டேன். வரைபடத்தில் வண்டி எனக்கு நேர் எதிரே காட்டியது, ஆனால் வரவில்லை. தள்ளிப் போனது, சுற்றி வந்தது, மறுபடி தள்ளிப் போனது. இருபது நிமிடம். கடைசியில் வந்து சேர்ந்தபோது நனைந்த எரிச்சலில் அந்தத் தம்பியை நன்றாகத் திட்டிவிட்டேன். கண் தெரியவில்லையா என்றுகூடக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் ஓட்டினான். திறந்த வானத்தின் கீழேயே போனின் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் தடுமாறும். என் புள்ளி சாலையின் நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம், பாலத்துக்கு மேலே விழுந்திருக்கிறது. அவன் பாலத்தில் ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி என்று மழையில் என்னைத் தேடி அலைந்திருக்கிறான். இறங்கிய பிறகு பயணத் தடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அவன் எதிரில் இல்லை. தம்பி, நீ இதைப் படிக்க வாய்ப்பில்லை என்றாலும் சொல்கிறேன், தப்பு என் மேல்தான்.

அன்றிலிருந்து வண்டி பதிவானதும் நானே அழைத்துவிடுகிறேன். பாலத்துக்குக் கீழேயா மேலேயா, சாலையின் எந்தப் பக்கம், என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பயணிகள் பக்கமிருந்து நாங்களும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நீங்கள் எங்களை அழைக்கும்போது "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், எதன் எதிரில் நிற்கிறீர்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

அடுத்து நான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பயங்கரமானது. இதில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் போகும் வண்டி. ஏறும்போது ஓட்டுநர் நன்றாகத்தான் இருந்தார். நெடுஞ்சாலை வந்த பிறகு, கண்ணாடியில் தெரிந்த அவர் கண்கள் மெதுவாக மூடித் திறப்பதைப் பார்த்தேன். ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, இந்த முறை கொஞ்சம் நீளமாக. "அண்ணா, தூக்கம் வருதா?" என்றேன். "அதெல்லாம் இல்ல மேடம்" என்றார். ஜன்னலை இறக்கிவிட்டார், பாட்டைச் சத்தமாக வைத்தார். இரண்டு நிமிடத்தில் வண்டி தானாக வலதுபக்கம் சாய ஆரம்பித்தது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தார். லாரியின் பின்பக்கத்தை உரசாமல் தப்பினோம்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னார், முந்தின நாள் காலையிலிருந்து ஓட்டுகிறாராம். இன்னும் இரண்டு சவாரி முடித்தால் ஊக்கத்தொகை கிடைக்கும், வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும் என்றார். என் விமானம் போனால் போகட்டும் என்று அவரை இருபது நிமிடம் தூங்கச் சொல்லிவிட்டு, நான் வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். விமானத்தைப் பிடித்தும் விட்டேன், அது வேறு விஷயம்.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் 0.05 சதவீதத்தைத் தாண்டினாலே ஓட்டுவது குற்றம். நீங்கள் குடித்துவிட்டு ஓட்ட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் ஓட்டுவதும் அதற்குக் குறைந்ததில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மூன்று நொடி கண் அசந்தால், வண்டி யாரும் ஓட்டாமல் 66 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது.

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது பெரும்பகுதிக் கோபம், இத்தனை சவாரி முடித்தால்தான் தொகை என்று கணக்குப் போட்டு அவரை விழிக்க வைத்தவர்கள் மேல்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும். ஆனால் "அதெல்லாம் இல்ல மேடம்" என்று சொன்னது மட்டும் அவர் தப்பு. தூக்கம் வருகிறது என்று சொன்னால் பயணி இறங்கிப் போய்விடுவார், குறைந்த மதிப்பெண் போடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். சொல்லுங்கள். "பத்து நிமிஷம் நிறுத்திக்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுக்கும் பயணி இருந்தால் அவர் இறங்கிப் போகட்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எல்லோரும் சொல்லிச் சலித்திருப்பார்கள். ஏறும்போது ஒரு தொகை, இறங்கும்போது ஒரு தொகை. ஒருமுறை கேட்ட கூடுதல் தொகையைக் கொடுக்கும்வரை டிக்கியைத் திறக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னார். உள்ளே என் அம்மாவின் மருந்துகள் இருந்தன. கொடுத்துவிட்டேன். பணம் போனது மறந்துவிட்டது. டிக்கிச் சாவியை அவர் விரலில் சுழற்றியது மறக்கவில்லை. டாக்சி என்ற பெயரே டாக்சிமீட்டர் என்ற கருவியிலிருந்து வந்ததுதான். 1891இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரெட்ரிக் புரூன் அதை உருவாக்கினார். 1897இல் ஸ்டட்கார்ட் நகரில் டெய்ம்லர் நிறுவனத்தின் கார் ஒன்று மீட்டர் பொருத்திக்கொண்டு வாடகைக்கு ஓட ஆரம்பித்தது. வாடகைக்காக இரண்டு பேரும் தெருவில் நின்று சண்டை போடக் கூடாது என்பதற்காக வந்த பெட்டி அது. 1914இல் முதல் உலகப் போரின்போது பாரிஸ் டாக்சிகள் சில நூறு சேர்ந்து சிப்பாய்களைப் போர்முனைக்கு ஏற்றிக்கொண்டு போனபோதுகூட மீட்டரை ஓடவிட்டார்கள், பிரெஞ்சு அரசு மீட்டர் கணக்குப்படி பணம் கொடுத்தது. உங்களுக்கு மீட்டர் கட்டுப்படியாகவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கலாம். சுங்கச்சாவடி, வண்டி நிறுத்தக் கட்டணம், திரும்பி வெறும் வண்டியாக வரும் தூரம் எல்லாம் எங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஏறும்போதே சொல்லுங்கள். பிடித்தால் வருகிறோம், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்க்கிறோம். பெட்டி டிக்கிக்குள் போன பிறகு சொல்லாதீர்கள்.

ஒரு வார்த்தை பேசுங்கள் என்றால் வழியெல்லாம் பேசுங்கள் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா, தனியாகவா இருக்கிறீர்கள் என்று விசாரிப்பவர்கள் உண்டு. அன்பாகத்தான் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், தனியாக இருக்கும் பெண் தன் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வாள்?

என் சித்தி இறந்த அன்று நான் ஏறிய வண்டியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒரு மணி நேரப் பயணம், முக்கால்வாசி நேரம் அழுதுகொண்டே வந்தேன். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கண்ணாடியை மேல்நோக்கிக் கொஞ்சம் திருப்பிவிட்டார், என் முகம் அவருக்குத் தெரியாதபடி. ரொம்ப நேரம் கழித்து, "கதவுல தண்ணி பாட்டில் இருக்கும்மா, புதுசுதான், திறக்காதது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னது அது மட்டும்தான். அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்ன எத்தனையோ பேரில் அவர் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

தொலைத்த பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. என் சான்றிதழ்கள் எல்லாம் இருந்த கோப்பை ஒரு வண்டியில் விட்டுவிட்டேன். நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ரசீது இல்லை, எண் பார்க்கவில்லை, தெருவில் கையைக் காட்டி ஏறிய வண்டி. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடத்தில் போன் அடித்தது. "கோப்பைத் திறந்து பாத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க, நம்பர் தேடத்தான் திறந்தேன்" என்று ஆரம்பித்தார் அவர். தன்னுடைய அடுத்த சவாரியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து கையில் கொடுத்தார். திறந்து பார்த்ததையும் முதலில் சொல்லிவிட்டார் பாருங்கள், அங்கேதான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பெரிய கலைஞர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999இல், வயலின் மாதிரியே ஆனால் பெரிதாக இருக்கும் செல்லோ என்ற வாத்தியத்தை வாசிக்கும் யோ-யோ மா, 1733இல் செய்யப்பட்ட தன் வாத்தியத்தை நியூயார்க் டாக்சி ஒன்றின் டிக்கியில் மறந்துவிட்டு இறங்கிவிட்டார். கையில் ரசீது இருந்தது, அதை வைத்து வண்டியைக் கண்டுபிடித்து அன்றைக்கே வாத்தியம் திரும்பி வந்தது. 2008இல் பிலிப் குவிண்ட் என்ற வயலின் கலைஞர் தன்னிடம் இருந்த ஸ்ட்ராடிவேரியஸ் என்ற விலை உயர்ந்த பழங்கால வயலினை, நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில் விட்டுவிட்டார். ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தார். நன்றிக்கடனாகக் குவிண்ட் அந்த விமான நிலையத்தில் டாக்சிகள் காத்து நிற்கும் இடத்துக்கே போய், ஓட்டுநர்களுக்காக அந்த வயலினை வாசித்தார். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. கோப்பைக் கொண்டுவந்தவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்த நேர்காணலில் கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். அதற்கப்புறம் எந்த வண்டியில் ஏறினாலும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறேன். நான் எடுப்பதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொன்னதும் சிரித்துவிடுகிறார்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் பெரியது.

இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். எங்களால் காத்திருக்க முடியவில்லை. ஒரு டாக்சி கிடைத்தது. வந்தவர் நிலைமையைப் பார்த்ததும் ரத்து செய்துவிட்டுப் போயிருக்கலாம். வண்டியில் ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், விசாரணை என்று பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அவர் இறங்கி, முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அப்பாவைத் தூக்கி ஏற்ற உதவினார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நான் வேகமாத்தான் போவேன். பள்ளம் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். சொன்னதும் அப்பாவ நல்லாப் பிடிச்சுக்குங்க."

அப்படியே செய்தார். வழி முழுக்க அந்த வண்டிக்குள் அப்பாவின் மூச்சுச் சத்தமும் அவர் குரலும் மட்டும்தான். "பள்ளம்." நான் அப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன், வண்டி மெதுவாகி இறங்கி ஏறும். "வளைவு, இடது பக்கம்." "பள்ளம், சின்னதுதான்." "இன்னும் அஞ்சு நிமிஷம்." அந்த இருட்டில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் பதறவில்லை. பதறியிருந்தால் அப்பாவும் பதறியிருப்பார்.

அவசரப் பிரிவு வாசலில் ஹாரன் அடித்து ஸ்ட்ரெச்சரை வரவழைத்தார். அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு நான் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். விடிந்துகொண்டிருந்தது. பணம் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னாச்சுன்னு தெரியாம எப்படிம்மா போறது?" என்றார். காத்திருந்த நேரத்துக்குப் பணம் வாங்கவே இல்லை. நான் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. வண்டி எண்ணைப் பார்க்கவில்லை. உங்களில் யாரோ ஒருவர் அவர். எதிரில் வந்தால் முகம் அடையாளம் தெரியாது, குரல் தெரியும்.

அண்ணா, நீங்கள் தெரிந்துகொள்ளக் காத்திருந்ததை முழுதாகச் சொல்கிறேன். அப்பா அதற்கப்புறம் நான்கு வருடம் நன்றாக இருந்தார். வீட்டில் படி இறங்கும்போது நான் அவர் கையைப் பிடித்தால், "பள்ளம்" என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார்.

அன்புடன்,
உங்கள் பின்சீட்டில் வரும் ஒரு பயணி